கைதியாகிச் சென்ற நிருபர்

தென் ஆப்பிரிக்காவின் நிறவெறி ஆட்சியை எதிர்த்த பத்திரிகையாளர்களைப் பற்றிய திரைப்படம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது 'க்ரை ஃப்ரீடம்'. 'காந்தி' படத்தை எடுத்த ரிச்சர்ட் அட்டன்பரோ 1987-இல் இயக்கிய படம் அது. 1977 செப்டம்பரில் காவலில் இருந்தபோது உயிரிழந்த கறுப்பினத் தலைவர் ஸ்டீவ் பிகோவின் கதையை, அவருடைய நண்பரும் 'டெய்லி டிஸ்பேட்ச்' நாளிதழின் ஆசிரியருமான டொனால்ட் உட்ஸ் என்ற வெள்ளையரின் வழியே அது சொன்னது.

2004-இல் வெளிவந்த 'டிரம்' அந்த அளவுக்கு உலகின் கவனத்தைப் பெறவில்லை. தென் ஆப்பிரிக்க இயக்குநர் சோலா மசேகோவின் இப்படம், 2005-இல் புர்கினா ஃபாசோவின் தலைநகரில் நடைபெற்ற ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் முதன்மைப் பரிசு பெற்றது. ஹென்றி நுக்சுமாலோ என்ற கறுப்பின நிருபரின் வாழ்க்கையே அதன் கரு. இதழியலைப் பற்றி அதிகம் கற்றுத்தருவது இந்த இரண்டாவது படம்தான் என்பது என் கருத்து. அதை விளக்குவதற்கு முன், அன்றைய சட்டங்கள் இயங்கிய விதத்தைப் பார்க்க வேண்டும்.

1948-இல் தேசியக் கட்சி ஆட்சிக்கு வந்தது. 1950-இல் மக்கள் பதிவுச் சட்டம் ஒவ்வொருவரையும் ஓர் இனப் பிரிவுக்குள் அடைத்தது. அதே ஆண்டில் வந்த இன்னொரு சட்டம் எந்த இனத்தவர் எங்கே வசிக்கலாம் என்பதை வரையறுத்தது. 1952-இல் ஒரு சட்டத்துக்கு அனுமதிச் சீட்டுகளை ஒழிக்கும் சட்டம் என்றே பெயர் வைத்தார்கள். அது ஒழித்ததோ பழைய பலவகைச் சீட்டுகளை மட்டுமே. அவற்றுக்குப் பதிலாக, ஆப்பிரிக்கர்கள் எந்நேரமும் கையில் வைத்திருக்க வேண்டிய ஒரே குறிப்பேட்டைப் புகுத்தியது. இரவில் நகரில் நடமாடத் தனிச் சீட்டு வேண்டும். இல்லையென்றால் கைதுதான்.

சீட்டைக் கொண்டு மனிதரை அளக்கும் இவ்வழக்கம் தமிழர்களும் அங்கே பட்டறிந்தது. டிரான்ஸ்வாலில் ஆசியர்கள் மீது திணிக்கப்பட்ட பதிவுச் சட்டத்தை எதிர்த்ததற்காகவே 1908-இல் காந்தி ஜோகன்னஸ்பர்க் சிறையில் அடைக்கப்பட்டார். அப்போராட்டத்தின் குரலான 'இந்தியன் ஒப்பீனியன்' 1903-இல் டர்பனில் தொடங்கப்பட்டபோது ஆங்கிலம், குஜராத்தி, இந்தி ஆகியவற்றுடன் தமிழிலும் அச்சானது. நிறவெறிச் சட்டத்துக்கும் பத்திரிகைக்கும் நடந்த மோதல் அந்த மண்ணில் அவ்வளவு பழையது.

இத்தகைய சட்டங்களின் வலிமைக்கு அவற்றின் கொடுமை மட்டும் காரணம் இல்லை. அந்தக் கொடுமை, அதனால் பயன்பெறுவோரின் கண்ணுக்கு எட்டாத இடத்தில் நடந்தது. குடியிருப்பு வேறு, பள்ளி வேறு, மருத்துவமனை வேறு என்று பிரிக்கப்பட்ட நாட்டில், ஒரு வெள்ளையர் தம் வீட்டில் சமைப்பவர் இரவில் எங்கே உறங்குகிறார் என்பதை அறியாமலே வாழ்ந்து முடிக்கலாம். தோட்டக்காரர் நான்கு நாள் வரவில்லையென்றால், சீட்டு இல்லாமல் பிடிபட்டிருப்பார் என்று எண்ணிக்கொள்வதோடு அவர்களுக்கு விஷயம் முடிந்துவிடும். அந்த நான்கு நாளில் அவருக்கு என்ன நடந்தது என்று சொல்ல ஆளில்லை.

'டிரம்' இதழ் நுழைந்தது இந்த இடைவெளியில்தான். 1951-இல் 'ஆப்பிரிக்கன் டிரம்' என்ற பெயரில் கேப் டவுனில் தொடங்கப்பட்ட இவ்விதழ், முதலில் பழங்குடி மரபுகளையும் நாட்டார் கதைகளையும் வெளியிட்டு நகர்ப்புற வாசகர்களிடம் எடுபடாமல் போனது. சுரங்கப் பெருமுதலாளி ஒருவரின் மகனான ஜிம் பெய்லி அதன் பொறுப்பை ஏற்று ஜோகன்னஸ்பர்க்குக்குக் கொண்டுவந்தார். இங்கிலாந்திலிருந்து வந்த ஆன்டனி சாம்ப்சன் ஆசிரியரானார். அதன்பின் ஜாஸ் இசை, குத்துச்சண்டை, தாதாக்கள், அழகிகளின் அட்டைப்படம் என்று இதழ் உருமாறியது. உடைமை வெள்ளையரிடம், உழைப்பு கறுப்பினத்தவரிடம் என்ற முரண் அதற்குள்ளும் இருந்தது. ஆனால் கான் தெம்பா, டாட் மட்சிகிசா, எஸ்கியா எம்பாசெலே போன்ற எழுத்தாளர்களும் பாப் கொசானி, பீட்டர் மகுபானே போன்ற புகைப்படக் கலைஞர்களும் வளர்ந்தது அந்த அலுவலகத்தில்தான்.

அவர்களுள் மூத்தவர் நுக்சுமாலோ. ஜோகன்னஸ்பர்க்குக்குக் கிழக்கே பெத்தல் என்ற ஊரின் உருளைக்கிழங்குப் பண்ணைகளில் ஆப்பிரிக்கத் தொழிலாளர்கள் அடிமைகளைப்போல் நடத்தப்படுவதை 1947-இலேயே பாதிரியார் மைக்கேல் ஸ்காட்டும் இதழாளர் ரூத் ஃபர்ஸ்டும் வெளிப்படுத்தியிருந்தார்கள். நுக்சுமாலோ அங்கே வேலை தேடும் கூலியாளாகச் சென்றார். 1952 மார்ச் மாத இதழில் வெளியான அவருடைய கட்டுரையில் என்னை மிகவும் உலுக்குவது அடி உதை பற்றிய பகுதி அல்ல. ஒப்பந்தம் கையெழுத்தான விதம். எழுத்தறியாத தொழிலாளர்கள் வரிசையாக வந்து ஒரு பென்சிலைக் கணநேரம் தொட வேண்டும். தொட்டதே ஒப்புதல். தாம் எதற்கு ஒப்புக்கொண்டோம் என்பதே தெரியாத மனிதர்களைச் சட்டம் 'ஒப்பந்தத் தொழிலாளர்' என்று அழைத்தது.

அடுத்து வந்தது சிறைச் செய்தி. ஜோகன்னஸ்பர்க் மத்திய சிறையில் கறுப்பினக் கைதிகள் நடத்தப்படும் விதத்தை அறிய, தாமே கைதாவது என்று அவர் முடிவு செய்தார். சில முயற்சிகள் பலிக்கவில்லை. இறுதியில், இரவுச் சீட்டு இல்லாமல் தெருவில் நின்றதற்காகப் பிடிபட்டு, ஐந்து நாள் தண்டனை பெற்று உள்ளே போனார். அங்கே கண்ட அடிகளையும் அழுக்கையும் நினைவில் பதித்துக்கொண்டு வெளியே வந்தார்.

ஒருவரின் சொல்லை அரசு எளிதில் மறுத்துவிடும் என்பது இதழுக்குத் தெரியும். எனவே பாப் கொசானி, சிறைக்கு அருகிலிருந்த செவிலியர் விடுதியின் மாடியிலிருந்து சிறை முற்றத்தைப் படமெடுத்தார். எதையும் ஒளித்துவைக்கவில்லை என்று காட்டுவதற்காக, நிர்வாணமாக நிற்கும் கைதி கைகளை உயர்த்திக் குதித்துத் திரும்ப வேண்டிய சோதனையை அந்தப் படம் பதிவு செய்தது. உள்ளிருந்து ஒரு சாட்சியம், வெளியிலிருந்து ஒரு படம். 1954 மார்ச்சில் இரண்டும் சேர்ந்து அச்சேறியபோது மறுப்பதற்கு இடமில்லாமல் போனது.

இங்கேதான் நான் சொல்ல வந்த செய்தி இருக்கிறது. அந்தச் சிறைக்கூடத்துக்குள் எந்த வெள்ளை நிருபரும் அப்படி நுழைந்திருக்க முடியாது. நுக்சுமாலோவுக்கு உணவகமும் நூலகமும் மூடப்பட்டிருந்ததற்குக் காரணமான அதே நிறம்தான், சிறைக் கதவை அவருக்குத் திறந்தது. தன்னைக் காட்டிக்கொடுக்கும் சாட்சியை இன ஒதுக்கல் சட்டமே உருவாக்கிக் கொடுத்தது. 1956-இல் கான் தெம்பா வெள்ளையரின் தேவாலயங்களுக்கு ஞாயிறு வழிபாட்டுக்குச் சென்றதும் இதே வழியில்தான். எங்கே உள்ளே விடுகிறார்கள், எங்கே வெளியே தள்ளுகிறார்கள் என்பதை எழுதினாலே போதுமானதாக இருந்தது. கண்டனச் சொற்கள் தேவைப்படவில்லை.

அரசு பதிலுக்கு என்ன செய்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1959-இல் வந்த சிறைகள் சட்டம், சிறைகளைப் பற்றித் தவறான தகவல் வெளியிடுவதைக் குற்றமாக்கியது. தகவலைச் சரிபார்க்கப் போதிய முயற்சி எடுத்ததாக நிரூபிக்கும் சுமை, குற்றம் சாட்டப்பட்டவர் தலையில் ஏற்றப்பட்டது. தடை என்ற சொல்லே இல்லாமல் வாயை அடைக்கும் வழி இது. 1965-இல் சிறைக் கொடுமைகளைத் தொடராக வெளியிட்ட 'ராண்ட் டெய்லி மெயில்' ஆசிரியர் லாரன்ஸ் காண்டரும் நிருபர் பெஞ்சமின் போக்ரண்டும் இச்சட்டத்தின் கீழ் 1969-இல் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளிக்கப்பட்டார்கள். 'டிரம்' எழுத்தாளர்கள் பலர் நாட்டைவிட்டு வெளியேறினார்கள். 1960-களின் நடுவில் அவர்களுள் பலரின் எழுத்துகளைத் தாய்நாட்டில் அச்சிடவே முடியாத நிலை வந்தது.

நுக்சுமாலோ அதையெல்லாம் காணவில்லை. 1956-ஆம் ஆண்டின் கடைசி இரவில் அவர் குத்திக் கொல்லப்பட்டார். கொன்றவர்கள் தண்டிக்கப்படவில்லை. அவருடைய மரணத்தைத் திரைப்படம் சோஃபியாடவுனின் அழிவோடு பிணைத்துக் காட்டுகிறது. கறுப்பினத்தவரும் நிலம் வாங்க முடிந்த அரிய பகுதிகளுள் ஒன்று அது. 1955 பிப்ரவரி 9 அன்று சுமார் இரண்டாயிரம் காவலர்கள் சூழ, குடும்பங்களை லாரிகளில் ஏற்றி மெடோலாண்ட்ஸுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். ஆனால் கொல்லப்பட்டபோது நுக்சுமாலோ ஆராய்ந்துகொண்டிருந்தது வேறொன்று: சட்டவிரோதக் கருக்கலைப்பு செய்வதாகச் சந்தேகிக்கப்பட்ட ஒரு மருத்துவரின் விவகாரம்.

படம் எடுத்துக்கொண்ட இந்த உரிமையோடு எனக்கு உடன்பாடில்லை. உண்மை, திரைக்கதையைவிட ஆழமானது. கறுப்பினக் குடியிருப்பில் ஒரு பெண்ணுக்கு நேரும் ஆபத்தைக் காவல்துறை பொருட்படுத்தாத காலத்தில், அதைத் தேடிப் போக ஒரு நிருபர் இருந்தார். அரசை எதிர்த்த செய்திக்குக் காட்டிய அதே அக்கறையை அவர் இதற்கும் காட்டினார். நாயகனாக்கும் அவசரத்தில் அவருடைய இந்தக் குணத்தைத் திரைப்படம் தவறவிட்டுவிட்டது.

டொனால்ட் உட்ஸின் துணிவும் சிறியதன்று. பிகோவின் மரணத்துக்குப் பின் வாய்ப்பூட்டுக்கு ஆளாகி, 1977-இன் கடைசி நாளில் பாதிரியார் வேடத்தில் லெசோதோவுக்குத் தப்பினார் அவர். 1988 ஜூலையில் 'க்ரை ஃப்ரீடம்' தென் ஆப்பிரிக்கத் திரையரங்குகளுக்கு வந்த அன்றே, தணிக்கைக் குழு அனுமதித்திருந்தும் காவல்துறை படச்சுருள்களைக் கைப்பற்றியது. அரசு அதற்கு அஞ்சியது என்பதற்கு வேறு சான்று வேண்டாம். ஆயினும், ஓர் ஆண்டிறுதி இரவில் ஒருவர் தெருவில் உயிரை இழந்தார். இருபத்தோரு ஆண்டுகளுக்குப் பின் இன்னோர் ஆண்டிறுதியில் மற்றவரால் எல்லையைக் கடக்க முடிந்தது. உண்மையைச் சொன்னதற்கான விலை எல்லோருக்கும் ஒன்றாக இல்லை. எந்தப் பத்திரிகையாளரைப் பற்றி முதலில் படமெடுக்கிறோம் என்பதிலும் அந்த ஏற்றத்தாழ்வு தொடர்ந்தது. அதைத் திருத்த 2004 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சோஃபியாடவுனை இடித்த இடத்தில் வெள்ளையருக்கு வீடு கட்டி, 'வெற்றி' என்று பொருள்படும் 'டிரியோம்ஃப்' என்ற பெயரைச் சூட்டினார்கள். 2006-இல் பழைய பெயர் திரும்பியது. ஜோகன்னஸ்பர்க்கின் நியூடவுனில் ஒரு தெருவுக்கு இன்று நுக்சுமாலோவின் பெயர். அவர் ஐந்து நாள் இருந்த சிறை வளாகத்தில் இப்போது நாட்டின் அரசமைப்பு நீதிமன்றம் அமைந்திருக்கிறது. அங்கே இடிக்கப்பட்ட விசாரணைக் கைதிகளின் கட்டடத்துச் செங்கற்களையே நீதிமன்றத்தைக் கட்டவும் பயன்படுத்தியிருக்கிறார்கள். சிறையின் ஒரு பகுதியை, யாரும் சென்று பார்க்கலாம் என்று, அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். அதைப் பார்க்க இன்று எவரும் கைதாக வேண்டியதில்லை.