சாக்கடை சொல்லும் சேதி

போலியோ கிருமி தொற்றியவர்களில் ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்குத்தான் கை கால் முடங்கும். மற்றவர்களில் சிலருக்கு லேசான காய்ச்சல், பெரும்பாலோருக்கு அதுவும் கிடையாது. ஆனால் அவர்கள் மலத்தில் கிருமி வாரக்கணக்கில் வெளியேறிக்கொண்டிருக்கும். முடங்கிய குழந்தை மருத்துவமனைக்கு வரட்டும் என்று காத்திருந்தால், அதற்குள் கிருமி ஊரையே சுற்றி வந்துவிடும். அதனால்தான் பாட்டிலில் ஒரு லிட்டர் சாக்கடை நீரை மொண்டு, ஐஸ் பெட்டியில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். மும்பையில் இந்த வேலை 2001-லேயே தொடங்கிவிட்டது.

2013-ல் இஸ்ரேலின் ராஹத் நகரக் கழிவுநீரில் போலியோ கிருமி சிக்கியது. அங்கே பிள்ளைகளுக்கு அப்போது போலியோ தடுப்பு ஊசி மட்டுமே போட்டுவந்தார்கள். ஊசி முடக்கத்தைத் தடுக்கும். குடலில் கிருமி பெருகுவதை அவ்வளவாகத் தடுக்காது. எனவே சொட்டு மருந்தையும் கொடுத்தார்கள். ஒரு குழந்தைகூட முடங்கவில்லை.

கிருமி எந்த வீட்டிலிருந்து வந்தது என்று சாக்கடை சொல்லாதே என்பார்கள். சொல்ல வேண்டியதில்லை, சொட்டு மருந்து எப்படியும் வட்டாரம் முழுவதற்கும்தான். ஆனால் பாதாளச் சாக்கடையே இல்லாத ஊர்களுக்கு என்ன வழி என்ற கேள்வி நியாயமானது. அங்கே திறந்த கால்வாயில் நீர் எடுக்கலாம்தான். குழிக் கழிப்பறை உள்ள வீடுகள் அதில் விடுபட்டுப்போகும். ஆகவே கால் துவண்ட ஒவ்வொரு குழந்தையின் மலத்தையும் பரிசோதிக்கும் பழைய முறையை அங்கே கைவிட முடியாது.