கரடியோடு மோதிய ஹட்ச் நாய்

2003இல் ஹட்ச் கைப்பேசி நிறுவனத்தின் நாய் விளம்பரம் வந்த பிறகு நம் ஊரில் ‘பக்’ என்று சொன்னால் பாதிப் பேருக்குப் புரியாது. ‘ஹட்ச் நாய்’ என்றால்தான் புரியும். சப்பை மூக்கு, சுருங்கிய நெற்றி, நாலு தெரு நடந்தாலே மூச்சு வாங்கும் உடம்பு. சீன அரண்மனைகளில் மடியில் வைத்துக் கொஞ்சுவதற்காக வளர்த்த இனம் அது. மூக்கு குட்டையானதால் மூச்சுப் பாதையும் குறுகல். வெயிலோ ஓட்டமோ கொஞ்சம் கூடினால் திணறிப்போகும். காட்டுக்கு அனுப்ப வேறு நாயே கிடைக்கவில்லை என்றால்தான் யாரும் இதை அனுப்புவார்கள். ஜப்பான்காரர் ஒருவர் தன் படத்துக்காக அனுப்பினார், அதுவும் கரடியோடு மோத.

1986இல் வெளியான அந்தப் படத்தின் பெயர் ‘கோனெகோ மோனோகதாரி’. மூன்று ஆண்டு கழித்து கொலம்பியா நிறுவனம் அதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனது. 90 நிமிடப் படத்தை 76 நிமிடமாக வெட்டி, எல்லா விலங்குகளுக்கும் நடிகர் டட்லி மூரையே பேசவைத்து, ‘தி அட்வென்ச்சர்ஸ் ஆஃப் மைலோ அண்ட் ஓடிஸ்’ என்று வெளியிட்டது. வெளியுலகம் அறிந்தது இந்த வடிவத்தைத்தான்.

கதை இரண்டு வரி. பண்ணையில் மைலோ என்ற பூனைக்குட்டியும் ஓடிஸ் என்ற பக் குட்டியும் சேர்ந்து வளர்கின்றன. ஒளிந்து விளையாடும்போது மைலோ ஏறிய மரப்பெட்டி ஆற்றோடு போய்விடுகிறது. ஓடிஸ் தேடிப் புறப்படுகிறது. பிறகு கரடி, நரி, பாம்பு, ஆந்தை, கடல், பனி, கடைசியில் ஆளுக்கொரு ஜோடியும் குட்டிகளும். மனித முகமே கிடையாது.

இயக்கிய மசனோரி ஹதா சினிமாக்காரர் அல்ல. டோக்கியோ பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்தவர், எழுத்தாளர். ‘முட்ஸுகோரோ’ என்ற செல்லப்பெயரில் ஜப்பான் தொலைக்காட்சியில் வீட்டுக்கு வீடு தெரிந்த முகம். வடகோடித் தீவான ஹொக்கைடோவில் நாய், குதிரை, கரடி என்று ஒரு கூட்டத்தோடு குடியிருந்தார். பின்னாளில் பிரேசிலில் ஒரு சிங்கம் அவருடைய விரல் நுனியைக் கடித்து எடுத்தது. மனிதர் அதற்கெல்லாம் அசருகிறவர் இல்லை. படத்துக்குத் துணையாக கோன் இச்சிகாவா போன்ற மூத்த இயக்குநர் இருந்தார். ஜப்பானிய வடிவத்துக்கு இசை ரியூச்சி சகமோட்டோ. (2023இல் சகமோட்டோ மறைந்த எட்டாம் நாள் ஹதாவும் போய்விட்டார்.) படம் வெளியான 1986இல் ஜப்பானியப் படங்களில் வசூலில் இதுதான் முதலிடம்.

ஆற்றங்கரைக் காட்சியைக் கொஞ்சம் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். பெட்டிக்குள் பூனைக்குட்டி எட்டிப் பார்க்கிறது. வெட்டு. கரையில் பக் ஓடுகிறது. வெட்டு. பக் நிற்கிறது, தலையைச் சாய்க்கிறது, நாக்கு தொங்குகிறது. வெட்டு. பெட்டி வளைவில் மறைகிறது. பார்க்கிறவருக்கு நெஞ்சு அடைக்கிறது. ஆனால் அந்தக் குட்டிக்கு நண்பன் போனதும் தெரியாது, கதை என்று ஒன்று நடப்பதும் தெரியாது. படச்சட்டத்துக்கு வெளியே தின்பண்டத்தோடு நிற்பவரிடமோ, கூப்பிடும் குரலை நோக்கியோ ஓடுவதுதான் இத்தகைய படங்களில் எந்த நாயும் செய்வது. களைத்துப்போய் நின்றால் அது நமக்குக் கவலையாகத் தெரிகிறது. பக்கின் நெற்றிச் சுருக்கம் அதற்குப் பிறவியிலேயே கிடைத்த நடிப்பு. நான்கு ஆண்டுகளில் ஏறக்குறைய 74 மணி நேரத்துக்குச் சுருள் ஓடியது என்பார்கள். அதிலிருந்து ஒன்றரை மணி நேரத்தை எடுத்துக் கோத்த மேசையில்தான் ஓடிஸ் என்ற பாத்திரம் பிறந்தது.

இங்கேதான் ஒரு கேள்வி உறுத்துகிறது. நான்கு ஆண்டுகள் எந்தக் குட்டியும் குட்டியாக இருக்காது. அப்படியானால் ஒரே மாதிரி இருக்கும் பல குட்டிகள் வேண்டும். மற்றவை என்னவாயின? படப்பிடிப்பில் பூனைகள் செத்தன என்று 1990 வாக்கில் ஆஸ்திரேலிய விலங்குரிமை அமைப்பினர் குற்றம்சாட்டினார்கள். அமெரிக்கன் ஹியூமேன் என்ற விலங்கு நல அமைப்பு விசாரித்துப் பார்த்தும் உறுதி செய்ய முடியவில்லை. தக்க மேற்பார்வையில், கவனமாகவே விலங்குகளைப் படமாக்கினோம் என்று அமெரிக்க வடிவத்தின் முடிவில் ஓர் அறிவிப்பு உண்டு. குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை, அதை மீறி நான் எதுவும் சொல்வதற்கில்லை. ஆனால் பூனை பாறை உச்சியிலிருந்து கடலில் விழும் காட்சிக்கு எந்த விசாரணையும் வேண்டாம், கண் போதும். தண்ணீரில் தத்தளித்து வழுக்குப் பாறையில் நகம் பதியாமல் சறுக்குகிறது. அது நடிப்பில்லை. பிள்ளைகளோடு பார்க்கிறவர்கள் அந்த இடத்தில் ரிமோட்டைக் கையில் வைத்திருப்பது நல்லது.

இன்று இப்படி ஒரு படம் எடுக்க யாரும் துணியமாட்டார்கள். இந்தியாவிலும் 2001இல் வந்த விதிகளுக்குப் பிறகு விலங்கைப் படத்தில் காட்ட விலங்குகள் நல வாரியத்தின் அனுமதி வேண்டும். காளையோ கோழியோ வந்தாலே திரையின் மூலையில் ‘சி.ஜி.’ என்று எழுத்து வருவது நமக்குப் பழகிவிட்டது. ஹாலிவுட் ஒரு படி மேலே போனது. ஜாக் லண்டனின் 1903ஆம் ஆண்டு நாவலை வைத்து 2020இல் எடுத்த ‘தி கால் ஆஃப் தி வைல்ட்’ படத்தில் நாயகன் பக் (இங்கே அது இனமல்ல, நாயின் பெயர்) முழுக்கக் கணினி வேலை. படப்பிடிப்பில் டெர்ரி நோட்டரி என்ற மனிதர் நாலு காலில் தவழ்ந்து ஹாரிசன் ஃபோர்டுக்கு எதிரே நாயாக நின்றார். ஒரு நாய்க்கும் கீறல் விழ வழியில்லை, சந்தோஷம். ஆனால் அந்த நாய் புருவத்தைத் தூக்குகிறது, வருந்துகிறது, ஒவ்வொன்றையும் புரிந்துகொள்கிறது. ஓடிஸுக்கு ஒன்றும் புரியாது, அதனால்தான் நம்பினோம். பாதுகாப்பா, நிஜமா என்று கேட்டால் பாதுகாப்புதான் என்பேன். இழப்பு இல்லை என்று மட்டும் சொல்லமாட்டேன்.

இரண்டும் சேர்ந்தே கிடைத்த இடமும் ஹதாவின் படத்தில் இருக்கிறது, அதற்கு ஆறும் கரடியும் தேவைப்படவில்லை. பண்ணையில், கோழி முட்டைக்கு ஓடிஸ் காவல் இருக்கிறது. முட்டை பொரிந்து குஞ்சு வெளியே வருகிறது, எதிரே இருப்பது சப்பை மூக்கு நாய். அவ்வளவுதான், அதையே அம்மா என்று பின்னாலேயே போகிறது. பொரிந்தவுடன் கண்ணில் பட்டு அசைகிற பொருளையே தாயாக எடுத்துக்கொள்ளும் இந்தப் பழக்கத்தை வாத்துக் குஞ்சுகளிடம் விரிவாக ஆராய்ந்தவர் கான்ராட் லாரன்ஸ். 1973இல் நோபல் பரிசு பெற்றவர். விலங்கியல் படித்த ஹதாவுக்கு இது பால பாடம். ஆகவே குஞ்சு உண்மையாகவே பின்தொடர்வதற்கு வாய்ப்பு அதிகம், பக்கும் உண்மையாகவே விழிக்கிறது. டட்லி மூர் அங்கேயாவது கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.