சுத்தியலுக்குச் சாதி உண்டோ?

பள்ளிப் பிள்ளைகளுக்கு எந்திரத் தொழிலைக் கையில் கொடுத்துக் கற்றுத்தர வேண்டும் என்று நாம் சொன்னால், உடனே ஒரு கூட்டம் கேலி பேசக் கிளம்பிவிடும். "அன்று குலக்கல்வி கூடாது என்று ஊரெல்லாம் முழங்கினீர்களே! இன்று நீங்களே சிறுவன் கையில் ஸ்பேனரைக் கொடுக்கச் சொல்கிறீர்களே!" என்று கேட்பார்கள். கேட்கட்டும், தோழர்களே! நல்ல கேள்விதான். பதிலும் நம்மிடம் இருக்கிறது.

1953-ல் ராஜாஜி அமைச்சரவை கொண்டுவந்த திட்டம் என்ன சொல்லிற்று? கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் படிப்பு. மீதிப் பொழுதில் அப்பன் தொழில். சலவைத் தொழிலாளி மகனுக்கு வெள்ளாவி, முடி திருத்துபவர் மகனுக்குக் கத்தி, செருப்புத் தைப்பவர் மகனுக்குத் தோல்! நாம் எதிர்த்தது சுத்தியலையா? இல்லை! இந்தச் சுத்தியல் இன்னார் மகனுக்கு என்று தொட்டிலிலேயே எழுதி வைத்த ஓலையை எதிர்த்தோம். 1954-ல் காமராசர் முதலமைச்சரானார், ஓலை கிழிந்தது.

இப்போது முதலிபாளையத்துக்கு வாருங்கள். திருப்பூரை ஒட்டிய ஊர். சிட்கோ தொழிற்பேட்டை இருக்கிறது. பின்னலாடைக்கென்றே ஒரு கல்லூரியும் இருக்கிறது. திருப்பூர் வட்டாரத்தில் 1925 வாக்கில் தொடங்கிய பனியன் தொழில் இன்று கடல் கடந்து உடுத்துகிறது. இந்த ஊர்ப் பிள்ளை எந்திர ஓசையைக் கேட்டுக்கொண்டே பள்ளிக்குப் போகிறது. ஆனால் அந்த நிட்டிங் எந்திரத்தின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று அதற்கு யார் காட்டினார்கள்?

காட்ட வேண்டிய காட்சி அது! உருளையைச் சுற்றி வரிசை வரிசையாய் ஊசிகள். ஒவ்வோர் ஊசிக்கும் ஒரு கொக்கி. கொக்கியை மூடித் திறக்க ஒரு சின்ன நாக்கு. கேமின் மேட்டில் ஊசி ஏறுகிறது. பழைய கண்ணி நாக்கைத் திறந்துவிட்டுக் கீழே போகிறது. கொக்கி புது நூலைக் கவ்வுகிறது. ஊசி இறங்கும்போது, அந்தப் பழைய கண்ணியே நாக்கை மூடிவிட்டுத் தலைக்கு மேலாக நழுவுகிறது. புதுக் கண்ணி பிறக்கிறது. அவ்வளவுதான் பனியன்! ஓர் ஊசியின் நாக்கு ஒடிந்தால் போதும், துணி நெடுகிலும் ஏணி போல ஓட்டை விழும். புத்தகத்தில் பத்துப் பக்கம் படித்தும் விளங்காதது, பழைய எந்திரம் ஒன்றைக் கையால் மெல்லச் சுற்றினால் பத்தே நிமிடத்தில் விளங்கும். அதே கேம்தான் மோட்டார் எஞ்சினில் வால்வைத் திறக்கிறது என்று அடுத்த வாரம் சொல்லுங்கள். பிள்ளையின் கண் விரிவதைப் பாருங்கள்!

கொங்கு நாட்டுக்கு இது புதுச் செய்தியா? கலங்கல் கிராமத்தில் 1893-ல் பிறந்த ஜி.டி.நாயுடு எந்தப் பட்டம் பெற்றார்? வெள்ளைக்கார அதிகாரி ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளைக் கண்டு மயங்கினார், கோவை ஓட்டலில் வேலை பார்த்துக் காசு சேர்த்தார், அந்த வண்டியையே வாங்கினார், கழற்றிப் போட்டார், மறுபடி மாட்டினார். உழவர் வீட்டுப் பிள்ளை! குலத்தொழில் என்று அவரைக் கலப்பையில் கட்டிப் போட்டிருந்தால், 1937-ல் பாலசுந்தரத்தோடு சேர்ந்து மின்மோட்டார் செய்தது யார்? 1945-ல் கோவையில் தொழிற்கல்விக்கு அடிக்கல்லாக நின்றது யார்? பொறியியல் படிப்பை ஆண்டுக்கணக்கில் இழுக்கத் தேவையில்லை, பட்டறையில் நிறுத்தினால் விரைவில் முடிக்கலாம் என்று வாதாடினார். ஆட்சியாளர் காதில் ஏறவில்லை.

ஆனால் ஒன்றில் நாம் விழிப்பாய் இருக்க வேண்டும். இந்தத் திருப்பூரிலே கைமடிப் பையன்கள் இருந்தார்கள் — டைலருக்குப் பக்கத்தில் நின்று துணி மடித்துத் தந்தே பள்ளிப் பருவத்தைத் தொலைத்தவர்கள். அவர்களும் எந்திரத்தின் அருகில்தானே நின்றார்கள்! என்ன கற்றார்கள்? கூலி வாங்கக் கற்றார்கள்! 2016-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்திய டெல்லி, பதினான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளையும் பள்ளி விட்டபின் குடும்பத் தொழிலில் கைகொடுக்கலாம் என்று ஒரு வாசலைத் திறந்து வைத்தது. 1954-ல் முன்வாசலில் விரட்டிய பூனை, கொல்லை வழியே வருகிறது!

ஆகவே பட்டறைக்கு வரம்பு வேண்டும். அங்கே செய்த பொருள் ஒன்றும் விலைக்குப் போகக்கூடாது. பள்ளி நேரத்தில் ஒரு நிமிடமும் குறையக்கூடாது. மின்சாரம் இல்லாமல் கையால் சுற்றும் எந்திரமே சிறுவர்க்கு முதலில் போதும், விரல் தப்பும். முதல் ஸ்பேனரைப் பெண்பிள்ளையிடம் கொடுங்கள் — அண்ணன்மார் சற்றுப் பொறுக்கட்டும்! ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் பிழைக்க வந்த தொழிலாளியின் பிள்ளைக்கும் அதே பலகையில் இடம் வேண்டும்.

திட்டங்கள் இல்லாமலில்லை. 2022-ல் தமிழ்நாடு அரசு வானவில் மன்றத்தைத் தொடங்கி, 6 முதல் 8 வகுப்பு வரை அரசுப் பள்ளிப் பிள்ளைகளைக் கையால் சோதனை செய்ய வைத்தது. ஒன்றிய அரசு 2016 முதல் அடல் ஆய்வகம் என்று தேர்ந்தெடுத்த பள்ளிக்கு 20 லட்சம் வரை ஒதுக்கியது. நல்லதே. ஆனால் வாங்கிய கருவி தேய்ந்துவிடுமே என்று பூட்டி வைத்தால் பயனென்ன? தேயட்டும்! தேயத்தானே கருவி!

முதலிபாளையத்தில் ஃபிட்டருக்குப் பஞ்சமா? மெக்கானிக்கிற்குப் பஞ்சமா? தோழரே, ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். உங்கள் கம்பெனி மூலையில் பழைய நிட்டிங் எந்திரம் ஒன்று துருப்பிடித்துக் கிடந்தால், முதலாளி அதை எடைக்குப் போடுமுன் கேட்டு வாங்கி, தலைமையாசிரியர் அறைக் கதவைத் தட்டுங்கள்.