தசைக்குள் ஒரு வடிகட்டி

உடற்பயிற்சி செய்தால் மனம் லேசாவதற்கு எண்டார்ஃபின்தான் காரணம் என்று பலகாலமாகச் சொல்லி வருகிறோம். ஓடும்போது இரத்தத்தில் எண்டார்ஃபின் கூடுவது உண்மைதான். ஆனால் இரத்தத்திலுள்ள அந்தப் பொருள் எளிதில் மூளைக்குள் நுழைவதில்லை. மாதக்கணக்கில் நீளும் மன அழுத்தத்தை உடல் தாங்குவதற்கு, ஓடி முடித்ததும் வரும் உற்சாகத்தைவிட உறுதியான காரணம் ஒன்று வேண்டும். அதன் ஒரு பகுதி நம் கால் தசைகளில் இருக்கிறது. அது எப்படி என்று பார்ப்போம். பருப்பு, பால், முட்டை வழியே கிடைக்கும் டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்தில் சிறு பங்குதான் மனநிலையோடு தொடர்புடைய செரோடோனின் ஆகிறது. பெரும்பங்கு கைனுரெனின் என்ற பொருளாகிவிடும். அழுத்தம் நீடித்தால் கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோனும் அழற்சியும் இந்த மாற்றத்தை முடுக்கிவிடுகின்றன. கைனுரெனின் மூளைக்குள் போகக்கூடியது. அங்கே நரம்பணுக்களுக்குக் கேடு செய்யும் பொருள்களாகவும் மாறக்கூடும். ஓட்டம், மிதிவண்டி போன்ற பயிற்சிகளில் பழகிய தசையில் பிஜிசி-1ஆல்பா1 என்ற புரதம் பெருகி, சில நொதிகளைக் கூட்டுகிறது. அவை கைனுரெனினைக் கைனுரெனிக் அமிலமாக்கிவிடும். அந்த அமிலத்தால் இரத்தத்திலிருந்து மூளைக்குள் செல்ல முடியாது.

ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவன ஆய்வாளர்கள் 2014-இல் இதை வெளியிட்டார்கள். பழகிய தசை மூளைக்கு ஏதோ நல்ல பொருளை அனுப்புகிறது என்று எதிர்பார்த்துத்தான் தேடத் தொடங்கினார்கள். கண்டதோ, தசை கெட்டதை அகற்றுகிறது என்பதை. எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான். அந்தப் புரதம் தசையில் மிகுந்த சுண்டெலிகளையும் சாதாரணச் சுண்டெலிகளையும் 5 வாரம் இரைச்சல், மின்னும் வெளிச்சம், இரவுபகல் மாற்றம் என்று அலைக்கழித்தார்கள். சாதாரணச் சுண்டெலிகளிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் தோன்றின, மற்றவற்றிடம் தோன்றவில்லை.

சுண்டெலிக்குப் பொருந்துவது மனிதருக்குப் பொருந்துமா என்று கேட்பது நியாயம். பயிற்சிக்குப் பின் மனிதத் தசையிலும் இதே நொதிகள் கூடியதை அதே ஆய்வு பதிவு செய்திருக்கிறது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், மனச்சோர்வுள்ள 156 பேர் 16 வாரம் சிகிச்சை பெற்றார்கள். முடிவில் பயிற்சி மட்டும் செய்தவர்கள் மருந்து எடுத்தவர்களுக்கு ஏறத்தாழ இணையாகத் தேறியிருந்தார்கள். ஆனால் மருந்தின் பலன் முன்னதாகவே தெரிந்தது. அதனால் மருத்துவரைக் கேட்காமல் மருந்தை நிறுத்துவது தவறு. கடும் பயிற்சியும் கார்டிசாலைக் கூட்டுகிறதே, அதுவும் அழுத்தம்தானே என்ற கேள்வி இன்னும் வலுவானது. கூட்டுவது மெய்; ஆனால் பயிற்சி முடிந்து ஓய்வெடுத்தால் அது இறங்கிவிடும், தீராத கடனும் வேலைப் பயமும் அதை இறங்க விடுவதில்லை. மேலும், அளவு முக்கியம். 2008-இல் வந்த ஓர் ஆய்வில், உடல் திறனின் 60, 80 சதவீத வேகத்தில் 30 நிமிடம் செய்த பயிற்சி கார்டிசாலை உயர்த்தியது, 40 சதவீத வேகம் உயர்த்தவில்லை. தூக்கமில்லாமல் துவண்டிருப்பவர் மூச்சுவாங்க ஓட வேண்டாம். பேசிக்கொண்டே நடக்கும் வேகத்தில் தொடங்கலாம். தசையில் நொதிகள் கூட வாரக்கணக்கில் ஆகும் என்பதால், நான்கு நாள் நடந்துவிட்டுப் பயனில்லை என்று முடிவுகட்டக் கூடாது.