விடிகாலை டீயும் ஏழு மணித் தூக்கமும்

புழல் ஜி.என்.டி. சாலையோர டீக்கடைகளில் விடிகாலை ஐந்து மணிக்கே பாய்லர் கொதித்துக்கொண்டிருக்கும். மணலி, எண்ணூர்ப் பக்கம் நைட் ஷிப்ட் முடித்தவர்களும், ஆந்திராவிலிருந்து இரவெல்லாம் லாரி ஓட்டி வந்தவர்களும் ஒரு ஸ்ட்ராங் டீ குடித்துவிட்டுத்தான் கிளம்புவார்கள். ஏழு மணிக்குப் படுத்தால் தூக்கம் பிடிக்காது. வெளிச்சமும் சத்தமும் புழுக்கமும் காரணம்தான். டீயின் பங்கு எவ்வளவு என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம்.

பாதி, அதில் பாதி

டீயோடு குடித்த காஃபின் முக்கால் மணி நேரத்தில் ஏறக்குறைய முழுவதும் ரத்தத்தில் சேர்ந்துவிடும். அதன்பின் கல்லீரல் நொதி ஒன்று அதைச் சிதைக்கத் தொடங்கும். மது மணிக்கு இவ்வளவு என்று ஏறத்தாழ ஒரே அளவில் குறையும். காஃபின் அப்படியல்ல, இருப்பதில் ஒரு பங்குதான் குறையும். பிளஸ் டூ வேதியியலில் வரும் முதல் வகை வினை இது. காஃபின் பாதியாகக் குறைய ஆகும் நேரம், அதாவது அரைவாழ் காலம், பெரியவர்களுக்குச் சராசரியாக 5 மணி நேரம். முதல் வகை வினைக்கான சூத்திரப்படி 0.693ஐ 5ஆல் வகுத்தால் 0.139, அதாவது மணிக்குச் சுமார் 13 சதவீதம் வெளியேறுகிறது.

ஒரு டீயில் 50 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். இரவு 10 மணி டீயில் காலை 7 மணிக்கு மிச்சம் 14. இரண்டு மணி டீயில் 25. ஐந்து மணி டீயில் 38. ஆக 77 மில்லிகிராம், ஒன்றரை டீ உடம்பில் இருக்கும்போதே படுக்கிறோம். அந்தக் கடைசி டீயை மட்டும் விட்டால் 39தான். எத்தனை டீ என்பதைவிட, கடைசி டீ எப்போது என்பதே தூக்கத்தைத் தீர்மானிக்கிறது.

பீடியை விட்டவர்கள் கவனிக்க

புகையிலுள்ள ரசாயனங்கள் அந்த நொதியை வேகப்படுத்துவதால், புகைபிடிப்பவருக்கு அரைவாழ் காலம் ஏறக்குறைய பாதியாகிவிடும். பீடியை நிறுத்திய சில நாளில் நொதி பழைய நிலைக்குத் திரும்பும். அதே மூன்று டீ இப்போது கூடுதலாக வேலை செய்யும். படபடப்பும் தூக்கமின்மையும் வரும். பீடி இல்லாததால்தான் இப்படி என்று நினைத்து மறுபடி பற்றவைத்துவிடாதீர்கள். டீயைப் பாதியாக்குங்கள்.

கர்ப்பிணிகளுக்குக் கடைசி மாதங்களில் அரைவாழ் காலம் 15 மணி நேரம் வரை நீளலாம். சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் காஃபின் மெதுவாகத்தான் வெளியேறும்.

ஐந்து மணிக்கு என்ன செய்வது?

நாளொன்றுக்கு 300 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம் என்கிறது ஐ.சி.எம்.ஆரின் 2024 உணவு வழிகாட்டி. ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போகிறவர் இரண்டு மணியோடு டீயை நிறுத்திக்கொண்டு, விடியலில் சுக்குத் தண்ணீரோ பாலோ குடிக்கலாம்.

இன்னும் ஸ்டீயரிங் பிடிக்க வேண்டியவர் நிலை வேறு. கண் சொக்கினால் டீ மட்டும் போதாது. வண்டியைப் பத்திரமான இடத்தில் ஓரங்கட்டி, டீயைக் குடித்துவிட்டு, இருபது நிமிடம் கண்ணயருங்கள். எழும் நேரத்துக்குக் காஃபின் ஏறத் தொடங்கியிருக்கும். அப்போதும் தூக்கம் விடாவிட்டால் வண்டியை எடுக்காதீர்கள். லோடு தாமதமானால் ஆகட்டும்.