தேருக்கும் அச்சு, தாளுக்கும் அச்சு

சித்திரைத் தேர் கிளம்பும் நாளில் ஸ்ரீரங்கத்தில் ‘அச்சு’ என்று சொன்னால் காகிதம் யாருக்கும் நினைவுக்கு வராது. சக்கரங்களைத் தாங்கும் தேரின் அச்சுதான் வரும். மளிகைக் கடையில் கேட்டால் அச்சு வெல்லம், அடுக்களையில் முறுக்கு அச்சு. காவிரியின் தென்கரையில் உறையூர்த் தறிக்காரரைக் கேட்டால், பாவு இழைகளை வரிசையில் நிறுத்தி ஊடையை அடித்து நெருக்கும் சீப்பு போன்ற சட்டத்தைக் காட்டுவார். ‘பிரிண்டிங்’ இந்தச் சொல்லுக்குப் பிந்திக் கிடைத்த வேலை.

திருக்குறளில் வருவதும் வண்டி அச்சுதான். அது வடமொழி ‘அட்ச’த்தின் வழி வந்தது என்பார்கள். வார்ப்பு என்ற பொருளில் வரும் அச்சோ தெலுங்கு, கன்னடத்திலும் உண்டு. ஆக, ஒரே உருவில் இரண்டு சொற்கள். இடைக்காலக் கல்வெட்டுகளில் ‘அச்சு’ என்றொரு நாணயமே இருக்கிறது. ஒரே உருவைத் திரும்பத் திரும்ப எடுக்கும் வேலை தமிழனுக்குப் புதிதல்ல. அதனால்தான் 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்ற பதினாறு பக்கப் புத்தகத்தோடு வந்த தொழிலுக்கும் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

ஸ்ரீரங்கத்தின் அச்சுப் பெருமை வாணி விலாஸ் பிரஸ். டி.கே. பாலசுப்பிரமணிய ஐயர் நடத்திய இந்த அச்சகம், 1910-இல் காலடியில் நடந்த கும்பாபிஷேகத்தின் நினைவாக ஆதிசங்கரரின் நூல்களை 20 தொகுதிகளாக வெளியிட்டது. சங்கரரின் அத்வைதத்தை மறுத்த ராமானுஜர் வாழ்ந்த ஊரிலிருந்து அது வந்ததுதான் வேடிக்கை!

அந்தக் கால அச்சாபீஸில் கம்பாசிட்டர்தான் ராஜா. ஈய எழுத்தின் முகம் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறியிருக்கும். அதை விரல் பழக்கத்தால் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோப்பார். ணை, லை, ளை, னை நான்கும் அப்போது யானைத் தும்பிக்கை போன்ற கொம்போடு தனித்தனி எழுத்துகள். ணா, றா, னாவுக்கும் தனி உருவம். ஒவ்வொன்றுக்கும் பெட்டியில் தனி அறை வேண்டும். பெரியார் 1935-லேயே ‘குடி அரசு’ இதழில் இவற்றை மாற்றி அச்சிட்டார். தமிழக அரசு 1978-இல்தான் ஏற்றது. பழைய புத்தகம் கையில் கிடைத்தால் அந்தத் தும்பிக்கையைத் தேடிப் பாருங்கள்.

இன்று திருச்சி கடைகளில் “ரெண்டு பக்கமும் பிரிண்ட் போடுங்க” என்றுதான் கேட்கிறார்கள். ‘அச்சு’ அங்கே எடுபடாது. ஆனால் பேரனைப் பார்த்த பாட்டி மட்டும், “அச்சு அசல் தாத்தாவேதான்” என்பார். அந்த இடத்தில் பிரிண்ட் நுழைய முடியவில்லை. ‘அடிப்பது’ என்ற வினையும் அப்படித்தான். காசையும் தாளையும் ஒரு காலத்தில் நிஜமாகவே அடித்தார்கள். லேசர் பிரிண்டர் எதையும் அடிப்பதில்லை. இருந்தும் கல்யாண வீட்டில் எழும் கேள்வி மாறவில்லை: “பத்திரிகை அடிக்கக் குடுத்தாச்சா?”