தரவும் அமானிதமே

2024 ஜூன் 19 அன்று கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அடுத்தடுத்துச் சிலர் இறந்தபோது, கள்ளச்சாராயம் காரணம் என்பதை மாவட்ட நிர்வாகம் முதலில் மறுத்தது. பிறகு மெத்தனால் கலந்த சாராயமே காரணம் என்று உறுதியானது. 'இன்னும் நிரூபணமாகவில்லை' என்பது வேறு, 'அது காரணம் இல்லை' என்பது வேறு. இரண்டும் ஒன்றாக்கப்பட்டதால் எச்சரிக்கை தாமதமானது, துக்கத்துக்கு வந்தவர்களும் அதையே குடித்தார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. மொத்தம் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

இதே தவறு நம் பிள்ளைகளின் ஆய்வேட்டிலும் சத்தமில்லாமல் நடக்கக்கூடும். முதுகலை படிக்கும் ஒரு மாணவி, கல்வராயன் மலையில் 60 குடும்பங்களிடம், பெண் பிள்ளைகள் ஏன் பள்ளியிலிருந்து நிற்கிறார்கள் என்று விசாரிப்பதாக வைத்துக்கொள்வோம். 'வீட்டில் யாரும் குடிப்பதுண்டா?' என்ற கேள்விக்குப் பத்துப் பேர் பதில் சொல்லவில்லை. கணினியில் ஏற்றும்போது அந்தக் காலிக் கட்டங்களில் 0 போட்டால், மௌனம் 'இல்லை' ஆகிவிடும். காலி என்றால் காலி என்றே இருக்க வேண்டும்.

அடுத்தது, ஒத்துவராத பதில்கள். குடிதான் காரணம் என்று அவள் முன்பே நம்பியிருக்கிறாள். ஒன்பது குடும்பங்களோ பள்ளியின் தூரத்தைச் சொல்கின்றன. 'இவர்களுக்குக் கேள்வி புரியவில்லை' என்று அவர்களை நீக்கிவிட நஃப்ஸ் ஆசைகாட்டும். எதை நீக்குவது என்ற விதியை முடிவைப் பார்ப்பதற்கு முன்பே எழுதிவைக்க வேண்டும். நீக்கினால் எத்தனை, ஏன் என்பதையும் ஆய்வேட்டில் சொல்ல வேண்டும். (இமாம் திர்மிதீ பல அறிவிப்புகளைப் பதிந்ததோடு அவற்றின் தரத்தையும் சேர்த்தே எழுதினார். மதரஸா மாணவர்களுக்கு இது புதிதல்ல.)

இருபது விதமாகக் கூட்டிக் கழித்துப் பார்த்தால், 5 சதவீத அளவுகோலில் ஒன்றாவது தற்செயலாகவே 'முக்கியமானது' என்று வரக்கூடும். அந்த ஒன்றை மட்டும் காட்டிவிட்டு மற்ற பத்தொன்பதை மறைப்பதும் பொய்தான். எண்கள் எல்லாம் சரியாக இருந்தாலும் அது பொய்தான்.

கல்வராயன் மலை என்றாலே சாராயம் என்ற பேச்சு வெகுகாலமாக உண்டு. போலீஸ் வழக்குகளின் எண்ணிக்கையை எடுத்து அதை நிறுவுவது எளிது. ஆனால் சோதனை எங்கே அதிகமோ வழக்கும் அங்கே அதிகமாக இருக்கும். மலையில் எத்தனை பேர் குடிக்கிறார்கள் என்பதை அந்த எண் சொல்லாது. கருணாபுரத்தில் உயிர்களைப் பறித்த மெத்தனாலும் தொழிற்சாலைகளுக்கான ரசாயனம். மலையில் ஊறலிட்டுக் காய்ச்சியது அல்ல. ஒரு சமூகத்தைப் பற்றிய கெட்ட எண்ணம் அட்டவணைக்குள் ஏறிவிட்டால் அதற்கு அறிவியல் மரியாதை கிடைத்துவிடுகிறது. அந்த வேதனை நமக்குத் தெரியாததா?

பெயரை நீக்கிவிட்டால் ரகசியம் காக்கப்பட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். முப்பது வீடுகள் உள்ள ஒரு மலைக்கிராமத்தில் 'கணவரை இழந்த, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த, 34 வயதுப் பெண்' என்று அச்சிட்டால், அவர் யார் என்று ஊரே சொல்லிவிடும். அவர் ஆய்வாளரை நம்பிச் சொன்ன வீட்டு விஷயம் அது. வயதை '30 முதல் 40' என்று அகலமாக்கலாம், இரண்டு மூன்று கிராமங்களைச் சேர்த்து ஒரே வரிசையாகக் காட்டலாம். அப்போதும் அடையாளம் தெரியுமானால் அந்த வரிசையை அச்சிட வேண்டாம். அதை ஏன் விட்டோம் என்பதை மட்டும் வழிகாட்டும் பேராசிரியரிடம் சொல்லிவிடலாம்.